வேரைக் கழுவிய அரை மணி நேரம்

என்னிடம் வேலை பார்த்தவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் என் கோபத்தைச் சொல்வார்கள், அடுத்து நெல் வேரைச் சொல்வார்கள். இரண்டுமே உண்மைதான். நெல்லின் வேர்நுனியில் செல் எப்படிப் பிரிகிறது என்று பார்ப்பதிலேயே என் பணிக்காலம் முழுவதும் போயிற்று. அந்தக் காலம் முழுவதும் யாரையாவது திட்டிக்கொண்டும் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகு திட்ட ஆள் கிடைக்கவில்லை, அதனால் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தத் துறைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு ஜெல் ஓட்டுவது எப்படி, மருந்து கலக்குவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது, என்னைவிடச் சுத்தமாகவே செய்வீர்கள். நான் ஒரு மாணவியிடம் தோற்ற கதையைச் சொல்கிறேன். அந்தத் தோல்வியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பெருமையாக இருக்கிறது.

அவள் பெயர் ஜரீனா. முத்துப்பேட்டைப் பெண். அப்பா வளைகுடாவில், அம்மா ஊரில். தஞ்சாவூருக்கு வெளியே இருந்த எங்கள் ஆய்வகத்துக்கு முனைவர் பட்டத்துக்காக வந்தாள். குரல் மெதுவாக இருக்கும். ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்தால் உடும்புப்பிடிதான். அவள் பிடித்த விஷயம் என்ன என்பதைச் சொல்லிவிட்டால் மற்றது தானாகப் புரியும்.

ஒரு செல் இரண்டாக வேண்டுமென்றால் கைனேஸ் என்கிற நொதி வேலையில் இறங்க வேண்டும். செல்லுக்குள் இருக்கிற ஏராளமான புரதங்களின் மேல் அது பாஸ்பேட்டை ஒட்டிக்கொண்டே போகும். ஒட்ட ஒட்டக் குரோமோசோம்கள் சுருண்டு தடித்து, நடுவில் வரிசைகட்டி நிற்கும். பிறகு பிரிந்து இரண்டு பக்கமும் போகும். செல் பழையபடி அமைதிக்குத் திரும்ப வேண்டுமானால், ஒட்டிய பாஸ்பேட்டெல்லாம் கழன்றாக வேண்டும். கழற்றுகிற நொதிக்குப் பெயர் பாஸ்பட்டேஸ்.

நான் படித்த காலத்தில் மாலை மரியாதை எல்லாம் கைனேஸுக்குத்தான். பாஸ்பட்டேஸைக் கல்யாணம் முடிந்த பிறகு பந்தல் பிரிக்க வருகிறவர்களைப் போலத்தான் நினைத்திருந்தோம். கைனேஸ் அடங்கிவிட்டால் செல் தானாகப் பிரிவை முடித்துக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஜரீனா அதை ஒப்புக்கொள்ளவில்லை. கைனேஸ் அடங்கினால் மட்டும் போதாது, பாஸ்பட்டேஸ் வந்து கழற்றினால்தான் நெல்லின் செல் பிரிவை முடிக்கும் என்றாள். அதைக் காட்ட ஒரு சோதனையும் வைத்திருந்தாள். பிரிவின் நடுவில் இருக்கிற வேர்நுனிகளை இரண்டு பங்காகப் பிரித்து, ஒரு பங்கை அப்படியே விட்டுவிடுவாள். இன்னொரு பங்குக்கு, பாஸ்பட்டேஸைக் கட்டிப்போடுகிற ஒரு மருந்தைக் கொடுப்பாள். இரண்டிலும் கைனேஸ் அடங்கிவிட்டது என்பதைத் தனியே அளந்து காட்டியிருந்தாள். மருந்தில்லாத செல்கள் ஒழுங்காகப் பிரிந்து முடித்தன. மருந்து கொடுத்தவை முடிக்காமல் அப்படியே நின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் குரோமோசோம்கள் தடித்து, நகராமல் கிடந்தன. மூன்று வருட உழைப்பு அது. ஆய்வேட்டின் உயிரே அந்த அத்தியாயம்தான்.

ஆலோசனைக் குழுவில் வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் இருந்தார். கறாரான மனிதர். “செல் நிக்கிறதைக் காட்டிட்டீங்க. பாஸ்பேட் கழலாம இருக்கிறதைக் காட்டுங்க” என்று கேட்டார். நியாயமான கேள்வி. வேர்நுனிகளை அரைத்து, புரதத்தைப் பிரித்து, பாஸ்பேட் ஒட்டிய புரதத்தை மட்டும் பிடிக்கிற ஆன்டிபாடியைப் போட்டால் ஃபிலிமில் கறுப்புப் பட்டையாக விழும். மருந்து கொடுத்த வேரில் பட்டை இருக்க வேண்டும், மருந்தில்லாததில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

ஜரீனா செய்தாள். இரண்டிலும் பட்டை இல்லை. மறுபடி செய்தாள், மறுபடியும் இல்லை. குழுக் கூட்டம் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை மூன்றாவது ஃபிலிமைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். கண்ணாடி மாதிரி வெறுமையாக இருந்தது.

அப்போது நான் என்ன செய்தேன் என்பதைக் கவனியுங்கள். நுண்ணோக்கி ஒன்றைச் சொல்கிறது, ஃபிலிம் வேறொன்றைச் சொல்கிறது. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் இரண்டு பேரையும்தான் விசாரிக்க வேண்டும். நான் ஒரு சாட்சியை நம்பினேன், மற்றதைத் தள்ளினேன். ஏனென்றால் ஃபிலிம் சொன்னது எனக்குப் பிடித்த பதில். பாஸ்பட்டேஸைக் கட்டினாலும் பாஸ்பேட் போய்விடுகிறது, ஆகவே அது ஒன்றும் பெரிய ஆளில்லை என்று முடிவுகட்டினேன். அந்த அத்தியாயத்தைக் கைவிடுவதாகக் குழுவுக்கு ஒரு கடிதம் அடித்து, புதன்கிழமை காலை அவள் கையெழுத்துக்காக நீட்டினேன்.

“கையெழுத்துப் போட மாட்டேன் மேடம்” என்றாள்.

“போடலைன்னா வெள்ளிக்கிழமை என்னத்தக் காட்டுவ? வெறும் ஃபிலிமையா?”

“ஸ்லைடு இருக்கு மேடம். நாலு தடவ பண்ணேன், நாலு தடவையும் செல்லு நின்னுச்சு.”

“நீ பாக்கணும்னு நெனச்சதைப் பாத்திருப்ப. உனக்கு இருக்கிறது கடைசி நீட்டிப்பு, ஞாபகம் இருக்கா? இந்த அத்தியாயத்தை வச்சிக்கிட்டுத் தொங்குனா பட்டமே போயிரும்.”

அவள் கண் கலங்கிவிட்டது, ஆனாலும் பேனாவைத் தொடவில்லை. “போனா போவட்டும் மேடம். பொய்யின்னு நானே எழுதிக் குடுக்க மாட்டேன்.”

எங்கள் ஆய்வக உதவியாளர் குணசேகரன் அப்போது கண்ணாடிக் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். திருக்காட்டுப்பள்ளிக்காரர். காலையில் வயலைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கே வருவார். பொதுவாக எங்கள் சண்டையில் தலையிட மாட்டார். அன்றைக்கு என்னவோ வாயைத் திறந்தார்.

“மேடம், ஒண்ணு கேக்கலாங்களா? அந்தப் பொண்ணு சொல்றதுல என்னங்க தப்பு? ஐப்பசி மழையில வயலு முங்கிக் கெடக்கு. மதகை அடைச்சிட்டா நிக்கிற தண்ணி தானா போயிருமா? வடிகாலை வெட்டி விட்டாத்தானே போவும்?”

எனக்குச் சுருக்கென்றது. டெல்டாவில் பிறந்தவளிடம் இதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. வாய்க்கால் இருக்கிற ஊரில் வடிகாலும் இருந்தாக வேண்டும் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் காது கேட்காது.

“சரி, நானே பண்றேன். என் கையால பண்ணிக் காட்டுறேன். அப்புறம் கையெழுத்துப் போடு” என்று சொல்லிவிட்டு அவள் மேசையில் போய் உட்கார்ந்தேன்.

ஜரீனா மருந்தில் போட்டு வைத்திருந்த வேர்களை எடுத்தேன். எடுத்ததும் நல்ல தண்ணீரில் போட்டேன். இது எங்கள் ஆய்வகத்தில் நான் போட்ட சட்டம். அரைக்கப் போகிற எந்த வேரையும் மூன்று தண்ணீரில், ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம் கழுவ வேண்டும். இந்தச் சட்டம் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. என் அம்மாவும் சித்தியும் திருத்துறைப்பூண்டிப் பக்கம் கூலிக்கு நாற்று பறித்தவர்கள். பறித்த நாற்றை நிற்கிற தண்ணீரில் அலசி, காலில் தட்டி, மண்ணில்லாமல்தான் நாற்றுமுடி, அதாவது சிறு கட்டு, கட்டுவார்கள். மண்ணோடு கட்டினால் தலைச்சுமை கனக்கும், நடுகிறவர்களுக்கும் பிரிக்க வராது. நானும் பள்ளி விடுமுறையில் அலசியிருக்கிறேன். அழுக்கு வேரோடு ஒரு கட்டு கட்டினால் அந்தக் கூட்டமே சிரிக்கும். படித்து ஆராய்ச்சிக்கு வந்த பிறகும் வேரைக் கண்டால் என் கை தண்ணீரைத் தேடும். அதையே சட்டமாக்கிவிட்டேன், பெருமையாகவும் நினைத்துக்கொண்டேன். நகரத்துப் பிள்ளைகளுக்கு வேரைக் கழுவத் தெரியாது என்று கிண்டலும் செய்திருக்கிறேன்.

முதல் தண்ணீரில் வேர்கள் மிதந்துகொண்டிருந்தன. பத்து நிமிடம் சும்மா இருக்க முடியாமல், பக்கத்தில் இருந்த அவளுடைய ஸ்லைடை எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. தடித்த குரோமோசோம்கள் பளிச்சென்று நின்றன. அவள் கற்பனை செய்யவில்லை.

“இந்த வேரு எப்ப எடுத்தது?” என்றேன்.

“அதே வேருதான் மேடம். அதே நாளு, அதே தட்டு. பாதிய ஸ்லைடுக்கு எடுத்தேன், பாதிய அரைக்க எடுத்தேன்.”

“ஸ்லைடுக்கு எடுத்ததைக் கழுவுனியா?”

“இல்ல மேடம். ஸ்லைடுக்கு நேரா ஸ்பிரிட்டும் அமிலமும் கலந்ததுல போட்டுருவோம். அதுல விழுந்த நிமிஷமே செல்லு அப்படியே நின்னுரும்ல.”

“அரைக்கிறதை?”

அவள் தண்ணீரில் மிதக்கிற வேர்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நானும் அந்தத் தண்ணீரைப் பார்த்தேன்.

மருந்து பாஸ்பட்டேஸைக் கட்டித்தான் வைத்திருந்தது. ஆனால் அது அவிழ்க்க முடியாத முடிச்சில்லை. நல்ல தண்ணீரில் போட்டால் மருந்து கரைந்து வெளியே போய்விடும். அரை மணி நேரம் உயிருள்ள வேரை மூன்று தண்ணீரில் நான் அலசச் சொல்லியிருந்தேன். கட்டு அவிழ்ந்த பாஸ்பட்டேஸ் அந்த அரை மணி நேரத்தில் நிதானமாக எல்லாப் பாஸ்பேட்டையும் கழற்றிவிட்டுப் போயிருக்கும். அரைக்கும்போது அங்கே பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? மூன்று ஃபிலிமையும் வெறுமையாக்கியது நான்.

“போன வருஷம் உங்ககிட்ட கேட்டேன் மேடம், கழுவாம எடுக்கலாமான்னு” என்றாள் ஜரீனா மெதுவாக.

கேட்டிருந்தாள். எனக்கு நன்றாக ஞாபகம் வந்தது. வேரைக் கழுவச் சோம்பல்படுகிறவள் வேறு வேலைக்குப் போகலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. உங்களில் சிலர் ஒருநாள் ஆய்வகம் நடத்துவீர்கள். உங்கள் கோபத்தால் ஒரு மாணவியின் வாய் மூடினால் அதற்கான விலையை நீங்கள் மட்டும் கொடுப்பதில்லை. அன்றைக்கு வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

ஆனால் வெட்கப்பட நேரமில்லை. கைவசம் இருந்த ஆன்டிபாடி இன்னும் ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். புதிதாக வரவழைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆகும், கூட்டமோ நாளை மறுநாள். வேரை மருந்திலிருந்து எடுத்த கணமே திரவ நைட்ரஜனில் போட்டு உறைய வைக்க வேண்டும். அரைக்கிற திரவத்திலும் பாஸ்பட்டேஸைத் தடுக்கிற மருந்தைச் சேர்க்க வேண்டும். எங்கள் நைட்ரஜன் கேனோ காலி.

“மாட்டாஸ்பத்திரியில இருக்குங்க மேடம்” என்றார் குணசேகரன். “சினை ஊசிக்கு வச்சிருப்பாங்க. டாக்டர் நம்மளுக்குத் தெரிஞ்சவருதான். என் மாட்டுக்கு அவருதான் ஊசி போட்டாரு.”

மறுநாள் காலை தன் மொபெட்டின் முன்னால் கேனை வைத்து, கயிறு போட்டுக் கட்டி, அதன் வாயிலிருந்து வெண்புகை கசியக் கசிய வந்து இறங்கினார். உயர்ந்த ரகக் காளைகளின் விந்துக்காக வந்த நைட்ரஜனில் எங்கள் நெல் வேர் உறைந்தது.

அதற்கு முன் எங்களுக்குள் இன்னொரு வாக்குவாதம். இதில்தான் அவள் என்னைவிடப் பெரியவளானாள். இருக்கிற ஒரு தடவைக்கான ஆன்டிபாடியைக் கழுவாத வேருக்கு மட்டும் போட்டுவிடலாம், மருந்தோடு ஒன்று, மருந்தில்லாமல் ஒன்று, இரண்டே போதும், நிறையப் புரதம் போட்டால் பட்டை அழுத்தமாக விழும் என்றேன்.

“வேணாம் மேடம்” என்றாள். “நாலு போடுவோம். கழுவுனதும் போடுவோம், கழுவாததும் போடுவோம், மருந்தோடயும் இல்லாமலும்.”

“கழுவுனதைத்தான் மூணு தடவ பாத்தாச்சே. நாலாப் பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் புரதம் கொறையும். பட்டை மங்கலா விழுந்தா என்ன பண்ணுவ?”

“மங்கலா விழுந்தா மங்கலா விழுந்துச்சுன்னு சொல்லுவேன். மூணு தடவ வரல, நாலாவது தடவ மாத்திப் பண்ணுனோம் வந்துருச்சுன்னா, வர்ற வரைக்கும் மாத்துனோம்னுதான் சார் நெனப்பாரு. ஏன் வரலங்கிறதும் அதே ஃபிலிம்ல தெரியணும்.”

பட்டம் போகும் நிலையில் நிற்கிற ஒருத்தி, கையில் ஒரே வாய்ப்பை வைத்துக்கொண்டு, தனக்குச் சாதகமான பாதியை மட்டும் காட்டுவதற்கு மறுக்கிறாள். இவளைப் போய்ப் பார்க்க நினைத்ததைப் பார்த்தவள் என்று சொன்னேனே என்று நொந்துகொண்டேன். நாலு போடச் சம்மதித்தேன். பெரிய முடிவுகள் எடுக்கும்போது உங்களைவிட நேர்மையானவர் பக்கத்தில் இருந்தால் வாயை மூடிக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள். நான் அன்றைக்குச் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான்.

வியாழக்கிழமை முழுவதும் அவள்தான் செய்தாள். நான் குப்பிகளை எடுத்துக் கொடுத்தேன். ஜெல்லின் நாலு குழியிலும் ஒரே அளவு புரதம் இறங்கியிருக்கிறது என்பதைச் சாயம் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ஆன்டிபாடியை ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் போனோம்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கூட்டம். வெளியூர்ப் பேராசிரியர் காலை ரயிலில் வந்து இறங்கிவிட்டார். பத்தேகால் மணிக்கு நானும் ஜரீனாவும் இருட்டறைக்குள் இருந்தோம். குணசேகரன் கதவுக்கு வெளியே, யாரும் திறந்துவிடாமல் காவல் நின்றார். சிவப்பு விளக்கின் கீழ் ஃபிலிமை அவள் திரவத்தில் ஆட்டினாள். முதல் குழியில் ஒன்றுமில்லை, இரண்டாவதில் ஒன்றுமில்லை. அவை மருந்தில்லாதவை, அப்படித்தான் இருக்க வேண்டும். மூன்றாவது, மருந்து கொடுத்துக் கழுவியது, அதுவும் வெறுமை.  நாலாவது குழி, மருந்து கொடுத்துக் கழுவாதது. முதலில் சாம்பல் நிறமாக ஒரு நிழல் தெரிந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது கறுத்தது, தடித்தது, மை வைத்தது போல அழுத்தமாக நின்றது.

“மேடம்!” என்று அவள் போட்ட கூச்சலில் குணசேகரன் வெளியிலிருந்து கதவைத் தட்டிவிட்டார். “வந்துருச்சாங்க? வந்துருச்சா?”

“வந்துருச்சு குணா!” என்று நானும் கத்தினேன். என் வாழ்நாளில் ஆய்வகத்துக்குள் சந்தோஷத்தில் கத்தியது அதுதான் முதல் தடவை. கத்துவது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று தெரியாமல் இத்தனை வருடம் திட்டுவதற்கே தொண்டையைச் செலவழித்துவிட்டேன்.

ஃபிலிம் ஈரம் காயாமலேயே கூட்டத்துக்குப் போனது. பேராசிரியர் அதை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“மூணுக்கும் நாலுக்கும் என்ன வித்தியாசம்?”

“மூணாவது கழுவுனது சார். அரை மணி நேரம்.”

“எதுக்குக் கழுவுனீங்க?”

“எங்க லேப் வழக்கம் சார்” என்றாள் ஜரீனா. என்னைக் காப்பாற்றப் பார்த்தாள், பாவி.

நான் எழுந்து நின்றேன். “லேப் வழக்கமில்ல சார், என் வழக்கம். நான் போட்ட சட்டம். வேண்டாம்னு இந்தப் பொண்ணு போன வருஷமே கேட்டா. நான் திட்டி அனுப்பிட்டேன். அதனாலதான் மூணு தடவ வரல. முந்தாநாள் இந்த அத்தியாயத்தைக் கைவிடச் சொல்லிக் கடிதமும் அடிச்சேன். அவ கையெழுத்துப் போடல.”

 பேராசிரியர் என்னையும் ஃபிலிமையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. அந்த மனிதர் சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை.

“நீங்க தெரியாம நல்ல காரியம் பண்ணிருக்கீங்க. கட்டுனா பாஸ்பேட் நிக்குது, அவுத்து விட்டா போயிருது. நான் ஒரு பாதிதான் கேட்டேன், இந்தப் பொண்ணு ரெண்டு பாதியையும் ஒரே ஃபிலிம்ல வச்சிருக்கு. மூணாவது குழி இல்லாம இருந்தா நான் இன்னும் பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். இனிமே கேக்க ஒண்ணுமில்ல.” பிறகு ஜரீனா பக்கம் திரும்பினார். “எழுத ஆரம்பிங்கம்மா. இதை முதல் அத்தியாயமா வைங்க.”

அவளுக்கு எதிராக நான் காட்டிய மூன்று வெற்று ஃபிலிம்களும் அவளுக்குச் சாட்சியாகிவிட்டன. என் பிடிவாதம்கூட அவள் கட்சிக்கு வேலை செய்திருக்கிறது. தோற்றுப்போவதில் இப்படியொரு சுகம் இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் ஜரீனா வராந்தாவிலேயே ஊருக்குப் போன் போட்டாள். ஃபிலிமைக் கையில் பிடித்திருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பின்னால் குக்கர் விசில் சத்தம் கேட்டது.

“உம்மா, நான் சொன்னதுதாம்மா சரி! சாரே சரின்னுட்டாரு!”

“அதுக்கென்ன இப்ப இவ்ளோ கூப்பாடு?” என்றது அந்தப் பக்கத்துக் குரல். “நீ பாத்துட்டு வந்து சொன்னா அது சரியாத்தான் இருக்கும். அதுல யாருக்குச் சந்தேகம்?”

ஜரீனா சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். ஓரடி தள்ளித்தான் நான் நின்றிருந்தேன். கைனேஸ் என்றால் என்னவென்று தெரியாத ஒரு தாய் முத்துப்பேட்டைச் சமையலறையிலிருந்து சொன்ன அந்த வார்த்தையை, மூன்று வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்த நான் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. போனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்து, “எனக்குத்தாம்மா சந்தேகம் இருந்துச்சு. இனிமே இல்ல” என்றேன்.